பதினோராயிரம் மைல்: விமானி எமி ஜோன்சனின் வாழ்வு

இலண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரம் எவ்வளவு தூரம் என்று வினவுவோமாயின், பூகோள உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்து விடை கூறிவிடலாம். ஏறத்தாழ 8,600 மைல். கிலோமீற்றர்க் கணக்கில் 13,900. எவ்வளவு நேரப் பயணம் என்ற வினாவுக்கோ விடை காலத்துக்குக் காலம் வேறுபட்டே வந்திருக்கிறது. சூயஸ் கால்வாய் வழியாக வந்து கொழும்புத் துறையிலே தரித்துச் சென்ற தபாற்கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவைச் சேர நாலைந்து வாரங்கள் எடுத்தன. 1919ஆம் ஆண்டிலே ரொஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர் இருவரும் இயந்திர வல்லுநர் இருவரைத் துணைக்கொண்டு முதன்முதலாக ஆகாய வழியே அத்தூரத்தைக் கடந்தபோது இருபத்தெட்டு நாட்கள் சென்றன. 1928இல் பேர்ட் ஹிங்க்லர் என்பார் தன்னந்தனியராகப் பதினைந்தரை நாளில் டார்வினை அடைந்தார். 2021ஆம் ஆண்டின் இறுதியில் குவாண்டாஸ் கம்பனி சில மாத காலம் டார்வினுக்கும் இலண்டனுக்குமிடையே எங்கும் இறங்காது பறக்கும் சேவையொன்றை நடத்தியது. பிரயாணிகள் இருமுறை உண்டு, ஒருமுறை உறங்கி எழுந்தபோது ஊர் வந்துவிட்டது. பதினேழு பதினெட்டு மணித்தியாலந்தான்.

இந்த வரிசையிலே பத்தொன்பதரை நாட்கள் என்றொரு கணக்கும் உண்டு. அது முன்னவரின் வேகத்தை வென்ற கணக்கன்று. ஹிங்க்லரின் கணக்குக்கு நான்கு நாள் பிந்தியது. ஆயினும் ஹிங்க்லரின் பெயரைக் கேட்டு விழிப்பவர் பலர். பத்தொன்பதரை நாளுக்கு உரியவரான எமி ஜோன்சன் என்ற நங்கையின் பெயரையோ ஒரு தலைமுறைக் காலம் உலகம் முழுவதும் அறிந்திருந்தது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹல் என்னும் துறைமுக நகரத்திலே, 1903ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1ஆம் திகதி எமி பிறந்தார். தந்தையார் மீன் வியாபாரி. பாட்டனார் டென்மார்க் தேசத்திலிருந்து வந்து குடியேறியவர். பெண்மக்கள் நால்வருள் எமியே மூத்தவர். வசதியான குடும்பமாதலால் மகளை ஷெபீல்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் பொருளியலிற் பட்டம் பெறச் செய்தார்கள். அந்நாளிலே பட்டம் பெற்ற பெண்ணுக்கு முன்னால் இரண்டு வழிகளே இருந்தன என்று சொன்னால் மிகையாகாது: ஒன்று ஆசிரியத் தொழில், மற்றையது யாரேனும் ஓர் ஆடவருடைய அலுவலகத்திலே கடிதம் தட்டெழுதும் தொழில். எமி இரண்டாவதை மேற்கொண்டு, இலண்டனில் ஒரு சட்டத்தரணியிடம் செயலாளராக அமர்ந்தார். பல ஆண்டுகள் நெஞ்சிலே வளர்த்த ஒரு காதலும் அக்காலத்திலேயே முறிந்தது. அவர் விரும்பியிருந்தவர் வேறொரு பெண்ணை மணம் புரிந்துகொண்டார். துயரத்தினாலேதான் எமி வானத்தை நாடினார் என்று எழுதுவோர் உளர். நமக்கு அது முழுதும் சரியாகப் படவில்லை. மனம் உடைந்தவர் எல்லாரும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்வதில்லை.

இலண்டனின் வடபுறத்திலே ஸ்டாக் லேன் என்றொரு விமானத் திடல் இருந்தது. 1928ஆம் ஆண்டு, ஓய்வு நாளொன்றில் எமி அங்கே போய்ச் சேர்ந்தார். குறைந்த கட்டணத்தில் விமானம் ஓட்டக் கற்பிக்கும் கழகமொன்று அங்கு நடைபெறுவதை அறிந்து உறுப்பினரானார். கையிலே வித்தை எளிதில் வந்துவிடவில்லை. தனியாகப் பறக்க அனுமதி பெறுவதற்கு மற்றவர்களிலும் பார்க்க நெடுநேரம் பயிற்சி வேண்டியிருந்தது. 1929 ஜூலையில் விமானிக்குரிய சான்றிதழ் கிடைத்தது. அதைவிட முக்கியமான காரியம், அவர் கொட்டகைக்குள்ளே நுழைந்தமை. எண்ணெயும் புகையும் படிந்த கொட்டகையிலே ஆண் தொழிலாளரோடு நின்று, இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் பிரித்து, துடைத்து, மீண்டும் பொருத்தும் தொழிலை அவர் கற்றார். அதே ஆண்டின் இறுதியில், தரைப் பொறியியலாளருக்குரிய அனுமதிப் பத்திரம் பெற்ற முதல் பிரித்தானியப் பெண் என்ற பெயர் அவருக்கு உண்டாயிற்று. பின்னாளில் அவரைக் காத்தது இந்தப் பத்திரமே.

அவுஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்து, ஹிங்க்லரின் பதினைந்தரை நாளைக் குறைத்துக் காட்டவேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்திலே வேரூன்றியது. உதவி கேட்டு எழுதிய கடிதங்கள் பல. பலன் அரிதாகவே இருந்தது. அதிலே வியப்பில்லை. இருபத்தாறு வயதுப் பெண். நூறு மணித்தியாலந்தானும் பறந்து பழகாதவர். அதுவரை தனியே சென்ற மிக நீண்ட பயணம் இலண்டனிலிருந்து பிறந்தகமாகிய ஹல் வரைக்கும் ஏறக்குறைய 150 மைல். அப்படிப்பட்டவர் 11,000 மைல் போகப் புறப்பட்டால் எந்த வணிகன் பணப்பையை அவிழ்ப்பான்? முடிவிலே எண்ணெய்க் கம்பனி அதிபரான வேக்பீல்ட் பிரபு பாதியும் தந்தையார் பாதியுமாகப் பணம் தந்தார்கள். 600 பவுணுக்கு, முன்னொருவர் பாவித்த ஜிப்சி மொத் வகை விமானமொன்று வாங்கப்பட்டது. மரச்சட்டமும் துணிச் சிறகும் கொண்டது. திறந்த இருக்கை, நூறு குதிரைவலு இயந்திரம், மணிக்கு எண்பத்தைந்து மைல் வேகம், வானொலி இல்லை. கரும்பச்சை வர்ணம் பூசி, வெள்ளி எழுத்திலே அதற்கு ஜேசன் என்று பெயர் எழுதினார்கள். தங்க ஆட்டுத்தோலைத் தேடிக் கடல் கடந்த கிரேக்க வீரனின் பெயரென்று எண்ணிப் பலர் வியந்தார்கள். உண்மையில் அது தந்தையாருடைய மீன் கம்பனியின் வியாபாரக் குறி.

மேலே நாம் 8,600 மைல் என்றோம். இப்போது 11,000 என்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலேதான் அந்தக் காலத்து விமானப் பயணத்தின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நூல் பிடித்த நேர்வழி மலையையும் பாலையையும் உறைபனி நிலத்தையும் பொருட்படுத்தாது. துணிச் சிறகு விமானமோ நாள்தோறும் எங்கேனும் இறங்கிப் பெற்றோல் ஊற்றிக்கொள்ள வேண்டும். இறங்கும் இடத்திலே பெற்றோல் முன்கூட்டியே வந்து காத்திருக்க வேண்டும். ஆகவே, திடலும் பெற்றோலும் உள்ள ஊர்களைத் தொட்டுத் தொட்டே வழி வளைந்து சென்றது. ஹிங்க்லர் உரோமாபுரி, மால்ட்டா, வட ஆபிரிக்கக் கரை என்று மத்தியதரைக் கடலைச் சுற்றிப் போனவர். எமி தேசப்படத்தின்மேல் அடிமட்டத்தை வைத்துக் கோடு கிழித்து, வியன்னா, இஸ்தான்புல், அலெப்போ, பக்தாத் என்று நேராகச் செல்லத் தீர்மானித்தார். தூரம் குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் கோட்டின்மீது துருக்கி நாட்டின் தோரஸ் மலைத்தொடர் நின்றது.

1930ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி காலை, இலண்டனுக்குத் தெற்கேயுள்ள குறொய்டன் விமானத் திடலிலே தந்தையாரும் சில நண்பர்களுமே வழியனுப்ப நின்றனர். பத்திரிகைகள் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. பெற்றோல் தாங்கிகளின் பாரத்தினால் விமானம் முதல் ஓட்டத்திலே எழும்பவில்லை. இரண்டாவது ஓட்டத்திலே எழுந்தது. அன்று மாலை 800 மைல் கடந்து வியன்னா. மறுநாள் இஸ்தான்புல். மேலதிகத் தாங்கியிலிருந்து பெற்றோலைக் கையாலேயே இறைத்து ஏற்றவேண்டியிருந்தபடியால் அதன் ஆவி முகத்தில் அடித்து மயக்கத்தை உண்டாக்கியது. மூன்றாம் நாள் தோரஸ் மலை. பாரம் சுமந்த விமானத்தினால் சிகரங்களுக்கு மேலாக ஏறமுடியவில்லை. இருப்புப்பாதை செல்லும் கணவாய்க்குள்ளே புகுந்து, இருபுறமும் பாறைச் சுவர் நிற்க, மேகம் கண்ணை மறைக்க, சிறகு முட்டாமல் தப்பி வெளியேறினார். அடிமட்டம் காட்டிய குறுக்குவழிக்கு அவர் கொடுத்த விலை அது.

நான்காம் நாள் பக்தாத்தை நெருங்குகையில் மணற்புயல் விமானத்தைப் பல்லாயிரம் அடி உயரத்திலிருந்து சருகுபோற் கீழே வீழ்த்தியது. பாலைவனத்திலே எப்படியோ இறங்கி, விமானம் காற்றிலே பறந்துவிடாதபடி சில்லுகளுக்குப் பின்னே பெட்டிகளை அடுக்கி, இயந்திரத்தைத் துணியால் மூடி, வால்புறத்தின்மேல் ஏறி அமர்ந்துகொண்டார். எங்கோ நாய்கள் குரைக்கும் ஓசை. கையிலே துப்பாக்கி. மூன்று மணித்தியாலமளவில் புயல் தணிந்தது. பின்னர் பந்தர் அப்பாஸ் துறை. அதன் பிறகு மே 10ஆம் திகதி கராச்சி. புறப்பட்டு ஆறாவது நாள்!

ஹிங்க்லர் கராச்சியை அடைய எட்டு நாள் எடுத்தவர். இரண்டு நாளை இந்தப் பெண் மீதப்படுத்திவிட்டாள் என்று தந்திகள் பறந்தன. ஐந்து நாள்களாக அவரைக் கவனியாதிருந்த பத்திரிகைகள் ஒரே இரவில் அவரைத் தலைப்புச் செய்தியாக்கின. மீன் வியாபாரியின் மகள், தட்டெழுத்துப் பெண், தனியாகப் பறக்கும் கன்னி என்றெல்லாம் எழுதினார்கள். தன் பெயர் உலகெங்கும் ஒலிக்கிறது என்பதை எமி உணர்ந்தாரோ இல்லையோ, இரண்டு நாள் மிச்சம் என்ற கணக்கு மட்டும் அவர் மூளையில் எரிந்துகொண்டிருந்தது. இரவிலே உறங்கும் நேரத்தைக் குறைத்து இயந்திரத்தைத் தாமே பிரித்துத் துடைத்தார். பகலிலே வெய்யிலில் வெந்துகொண்டு பறந்தார்.

இனித்தான் தரையின் கைவரிசை தொடங்கியது. அலகபாத்தை நோக்கிச் செல்கையில் எதிர்க்காற்று பெற்றோலைக் குடித்துவிட்டது. ஜான்சி நகரத்துப் படைமுகாமின் அணிவகுப்பு மைதானத்திலே இறங்க நேர்ந்தது. வீரர்கள் சிதறி ஓட, விமானம் படைவீட்டுக் கட்டடங்களுக்கிடையே புகுந்து, சிறகு உடைந்து நின்றது. அங்கிருந்தவர் துணையோடு அதைச் செப்பனிட்டு மறுநாளே கல்கத்தா சேர்ந்தார். மே 13ஆம் திகதி வங்காள விரிகுடாவின் கரையோரமாக இரங்கூனுக்குப் புறப்பட்டார். பருவமழை முன்னதாகவே இறங்கிவிட்டது. மலையும் மழையும் ஒன்றாகத் தோன்றிய அவ்வேளையில் இரங்கூனின் குதிரைப்பந்தய மைதானம் கண்ணுக்கு அகப்படவில்லை. இன்சீன் என்னும் இடத்திலே தொழில்நுட்பக் கல்லூரியொன்றின் விளையாட்டு மைதானத்தைக் கண்டு இறங்கினார். மைதானம் போதவில்லை. விமானம் ஓடிச்சென்று ஒரு வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்தியது. சுழலி முறிந்தது, சிறகு கிழிந்தது, சில்லும் சேதமுற்றது.

சிறகுக்கு வேண்டிய துணி அந்நாட்டிலே இல்லை. அப்போது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. முதலாம் உலகப் போரின்பின் மிஞ்சிய விமானத் துணியை வாங்கி யாரோ அவ்வூரில் சட்டைகள் தைப்பித்திருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்து ஜேசனின் சிறகுக்கு ஒட்டுப் போட்டார்கள். கல்லூரியின் ஆசிரியரும் மாணவரும் உறுப்புகளைத் திருத்திக் கொடுத்தனர். உடலோடு கட்டிக் கொண்டுவந்திருந்த மாற்றுச் சுழலியை எமி பொருத்தினார். எல்லாம் முடிந்து விமானத்தைப் பந்தய மைதானத்துக்கு இழுத்துச் சென்று மீண்டும் எழும்பியபோது மே 16ஆம் திகதி ஆகிவிட்டது. கராச்சியிலே மிச்சம் பிடித்த இரண்டு நாளும் போய், மூன்றாவது நாளும் போய்விட்டது. ஹிங்க்லரை வெல்லும் நம்பிக்கை அந்த வாய்க்காலிலேயே மறைந்தது.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். மணிக்கு எண்பத்தைந்து மைலாக 11,000 மைல் செல்வதற்கு 130 மணித்தியாலம் போதும். அதாவது ஐந்தரை நாள். எமி எடுத்ததோ பத்தொன்பதரை நாள். ஏறத்தாழ பதினான்கு நாள் அவர் வானத்திலே இருக்கவில்லை, தரையிலே இருந்தார். பெற்றோலை வடிகட்டுவதிலும், ஆணியை முறுக்குவதிலும், சிறகைத் தைப்பதிலும், மழை விடுமா என்று வானத்தைப் பார்ப்பதிலும் அந்த நாட்கள் கழிந்தன. வெறும் விமானியாக மட்டும் இருந்திருப்பாராயின் ஜான்சியோடு அவர் கதை முடிந்திருக்கும். ஸ்டாக் லேன் கொட்டகையிலே கை கறுக்கக் கற்ற தொழில்தான் அவரை இன்சீன் வாய்க்காலிலிருந்து எழுப்பியது. அவருடைய அழகையும் துணிவையும் பாடியவர்கள் இதனை அதிகம் பாடவில்லை.

தோல்வி நிச்சயமான பின்னரும் எஞ்சிய வழியை விட்டுவிடலாமா? பாங்கொக், சொங்க்லா, சிங்கப்பூர் என்று சென்று, ஜாவாத் தீவிலே ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கினார். நிலத்தில் நாட்டியிருந்த மூங்கிற் கழிகள் சிறகைக் கிழித்தன. புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்தரை ஒட்டிக்கொண்டு புறப்பட்டார். சுரபாயாவில் இயந்திரக் கோளாறு ஒரு நாளைத் தின்றது. தீமோர்த் தீவிலே பொழுது சாயும் வேளையில், குறித்த திடலைக் காணாது, கறையான் புற்றுகள் நிறைந்த வெளியொன்றில் ஊர்மக்கள் நடுவே இறங்கினார். அன்றிரவு உலகுக்கு அவரைப் பற்றிய செய்தி கிடைக்கவில்லை. ஹல் நகரத்து வீட்டிலே பெற்றோர் எப்படி விழித்திருந்திருப்பர் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

மே 24ஆம் திகதி தீமோர்க் கடல். ஐந்நூறு மைல் வெறும் நீர். இயந்திரம் நின்றுவிட்டால் இறங்குவதற்கு ஓரடி நிலமில்லை. பாதிவழியிலே எண்ணெய்க் கப்பலொன்று கண்ணிற்பட்டது. தாழப் பறந்து கையசைத்தார். அக்கப்பல் கம்பியில்லாத் தந்தி மூலம் டார்வினுக்குச் செய்தி அனுப்பியது. அன்று பிற்பகல் டார்வினிலே கூடியிருந்த மக்கள் வடமேற்கு வானில் ஒரு புள்ளியைக் கண்டார்கள். இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்துவந்த முதற்பெண் இறங்கி நின்றபோது, பிந்திவிட்டோமே என்ற எண்ணந்தான் அவர் மனத்தில் மேலோங்கியிருந்ததாம். உலகமோ பிந்தியதைக் கணக்கிலே எடுக்கவில்லை. மன்னர் விருதளித்தார். டெய்லி மெயில் பத்திரிகை 10,000 பவுண் வழங்கியது. தெருவெங்கும் அவரைப் பற்றிய பாட்டு ஒலித்தது. இங்கிலாந்துக்குத் திரும்பிய நாளில் குறொய்டனிலிருந்து இலண்டன் வரை வீதியின் இருபுறமும் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். மூன்று மாதத்துக்கு முன்னர் அதே திடலில் நின்றவர்களை விரல்விட்டு எண்ணியிருக்கலாம்.

பத்தாயிரம் பவுண் இலவசமாக வரவில்லை. ஊரூராகச் சென்று மேடையேறிக் கைகாட்ட வேண்டும் என்பது உடன்படிக்கை. சில கிழமைகளுள் நரம்பு தளர்ந்து அந்தச் சுற்றுப்பயணத்தை அவர் இடைநடுவே கைவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது மாலையன்று. இன்னொரு தூரம், இன்னொரு நேரம். 1931 ஜூலையில் ஜாக் ஹம்ப்ரீஸ் என்ற பொறியியலாளரோடு இலண்டனிலிருந்து மொஸ்கோவுக்கு ஒரே நாளிற் பறந்தார். அங்கிருந்து சைபீரியாவைக் கடந்து பத்து நாளளவில் தோக்கியோ சேர்ந்தார்.

1932ஆம் ஆண்டிலே ஜிம் மொலிசன் என்ற விமானியை மணந்தார். ஸ்கொத்லாந்துக்காரர், பெயர் பெற்ற வீரர், மதுப்பிரியர். சந்தித்த சில மணித்தியாலத்துள்ளே மணம் பேசினார் என்பர். அந்த அவசரம் இருவருக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மொலிசன் இங்கிலாந்திலிருந்து கேப் ரவுனுக்கு நான்கு நாள் பதினேழு மணித்தியாலத்திற் சென்று பேர் பெற்றிருந்தார். நவம்பரிலே மனைவியார் அதே தூரத்தைத் தனியே பறந்து, நான்கு நாள் 6 மணித்தியாலம் 54 நிமிடத்தில் முடித்தார். கணவரின் கணக்கிலிருந்து பத்து மணித்தியாலத்துக்கு மேல் குறைந்துவிட்டது! இல்லறத்திலே இத்தகைய போட்டி நன்மை தருமா என்பதை இல்லறத்தார் அறிவர்.

1933 ஜூலையில் தம்பதியர் இருவரும் ஒரே விமானத்தில் ஏறி, வேல்ஸ் நாட்டின் பெண்டைன் மணற்கரையிலிருந்து நியூயோர்க் நோக்கி அத்திலாந்திக் சமுத்திரத்தின்மேற் பறந்தனர். எதிர்க்காற்றிலே 39 மணித்தியாலம் சென்றது. நியூயோர்க்குக்கு இன்னும் ஐம்பது மைலளவே இருக்கையில் பெற்றோல் வற்றி, பிரிட்ஜ்போர்ட் நகரத்தருகே இருளில் சதுப்பு நிலத்தில் விழுந்தனர். காயத்தோடு உயிர் தப்பினர். நினைவுப்பொருள் வேண்டிவந்த கூட்டம் விமானத்தைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டு போயிற்று. மறு ஆண்டு இங்கிலாந்திலிருந்து மெல்போர்ணுக்கு நடந்த பெரும் போட்டியிலே கராச்சி வரைக்கும் முன்னணியில் நின்றவர்களும் இவர்களே. பின்னர் வழிதவறி, தகாத பெற்றோலை ஊற்ற நேர்ந்து, இயந்திரம் கெட்டு, அலகபாத்தோடு நின்றுவிட்டார்கள். வென்றவர்கள் 71 மணித்தியாலத்தில் மெல்போர்ண் சேர்ந்தனர்.

நான்கரை ஆண்டுக்குள்ளே பத்தொன்பதரை நாள் மூன்று நாளாகிவிட்டது. 1935 ஏப்ரல் முதல் இலண்டனிலிருந்து பிரிஸ்பேனுக்குப் பன்னிரண்டரை நாளிற் செல்லும் ஒழுங்கான பிரயாணிகள் சேவையும் தொடங்கியது. இரவிலே விடுதியில் உறங்கி, பகலிலே இருக்கையில் சாய்ந்தபடி, காசு கொடுத்தவர் எவரும் எமியை விட விரைவாக அவுஸ்திரேலியா போகலாம் என்றாயிற்று. 1936 மே மாதத்தில் எமி மீண்டுமொருமுறை கேப் ரவுனுக்கு மூன்று நாள் 6 மணித்தியாலம் 26 நிமிடத்திற் பறந்து, போன வழியிலும் வந்த வழியிலும் முன்னைய கணக்குகளை முறியடித்தார். அதுவே அவருடைய கடைசிப் பெரும் பறப்பு. 1938இல் மணவாழ்வும் முறிந்தது. உலகப் புகழ் பெற்ற விமானி வேலை தேடி அலையும் நிலை வந்தது. 1939ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்குமிடையே சில நிமிடத்திற் கடல் தாண்டும் சிறு விமானத்தை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். இதைத் தாழ்வென்று நாம் எண்ண வேண்டியதில்லை. சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் தொழில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்ததே அக்காலத்தில் அரிது.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. தொழிற்சாலைகளிலும் திடல்களிலுமிருந்து போர் விமானங்களை வேண்டிய இடத்துக்கு ஓட்டிச் சென்று ஒப்படைக்கும் துணைப்படையில் 1940இல் எமி சேர்ந்தார். அங்கே வேகப் போட்டியுமில்லை, மாலையுமில்லை. குறித்த விமானத்தைக் குறித்த இடத்தில் ஒடியாமற் சேர்ப்பதே கடமை.

1941 ஜனவரி 4ஆம் திகதி, ஒக்ஸ்பேர்ட் வகை விமானமொன்றை ஸ்கொத்லாந்தின் பிறெஸ்ற்விக்கிலிருந்து ஒக்ஸ்பேர்ட் நகருக்கு அண்மையிலுள்ள கிட்லிங்டன் திடலுக்குக் கொண்டுசெல்லப் புறப்பட்டார். வானிலை கெட்டிருந்தபடியால் இடைவழியே பிளாக்பூலில் இறங்கி, அங்கிருந்த தங்கை வீட்டிலே இரவு தங்கினார். மறுநாள் முற்பகல், பனிமூட்டம் கலையாதிருந்தும், கிளம்பினார். பிளாக்பூலிலிருந்து கிட்லிங்டன் 150 மைல். அந்த விமானத்துக்கு ஒன்றரை மணித்தியாலம்கூடத் தேவையில்லை. வானொலி இல்லை, பதினோராண்டுக்கு முன் ஜேசனிலும் இல்லாததுதானே. மேகத்துக்கு மேலே சென்று, கீழே நிலம் தெரியும் ஓர் இடைவெளியைத் தேடித் தேடிச் சுற்றியிருக்க வேண்டும். பிற்பகல் மூன்றரை மணியளவில், மூன்றரை மணித்தியாலத்துக்கும் மேலாகப் பறந்தபின், கிட்லிங்டனிலிருந்து நூறு மைலுக்கு அப்பால், தேம்ஸ் நதி கடலோடு கலக்கும் முகத்திலே, ஹேர்ண் பே என்னும் ஊருக்கு நேரே, கப்பற்கூட்டமொன்றின் மாலுமிகள் மேகத்தினின்றும் ஒரு குடைமிதவை இறங்குவதைக் கண்டனர். பின்னாலே ஆளில்லா விமானம் நீரில் வீழ்ந்தது.

ஹேசில்மியர் என்ற கப்பல் அவரை நோக்கி விரைந்தது. நீரிலே தத்தளித்த உருவத்துக்குக் கயிறெறிந்தார்கள். குளிரில் விறைத்த கைகளால் பற்ற முடியவில்லை. அலை அவரைக் கப்பலின் பின்புறத்துக்கு இழுத்துச் சென்றது. கப்பலின் தலைவர் வால்ரர் பிளெச்சர் உறைபனிக் கடலிலே தாமே பாய்ந்தார். மீட்கப்பட்ட அவரும் குளிரினாலே உயிர் நீத்தார். அவருடைய தியாகத்துக்கு இறந்தபின் அல்பேர்ட் பதக்கம் வழங்கப்பட்டது. எமியின் உடல் கிடைக்கவேயில்லை. பைகள் சில மிதந்துவந்தன. வயது முப்பத்தேழு.

அந்த நேரம் எங்கே போனது என்பது பற்றி எழுதப்பட்டவை பல. இரகசிய அலுவலாய்ச் சென்றார் என்றனர் சிலர். நம்மவர் பீரங்கியே அவரைச் சுட்டது என்று 1999இல் முன்னாள் பீரங்கி வீரர் ஒருவர் கூறினார். கப்பலின் சுழலியில் அகப்பட்டார் என்பாரும் உண்டு. எதுவும் நிறுவப்படவில்லை. திசை தவறிய விமானத்திலே பெற்றோல் தீர்ந்தது என்ற எளிய விளக்கமே நமக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. அலெப்போவிலிருந்து பக்தாத்தையும் தீமோரிலிருந்து டார்வினையும் வெறும் திசைகாட்டியைக்கொண்டு கண்டவர், சொந்த நாட்டிலே, சின்ன வயதிலிருந்து அறிந்த ஊர்களுக்கு மேலே, வழி தெரியாமற் பறந்தார் என்பதை நம்ப மனம் வராமையாலேதான் இத்தனை கதைகளும் பிறந்தன போலும்.

கல்லறை இல்லாத விமானப்படையினருக்காக ரண்ணிமீட்டில் எழுப்பப்பட்ட நினைவுமண்டபச் சுவரிலே அவர் பெயரும் பொறிக்கப்பட்டது. ஹல் நகரத்திலும் ஹேர்ண் பே கரையிலும் சிலைகள் உள. ஜேசன் விமானம் இலண்டன் விஞ்ஞான நூதனசாலையிலே கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. கரும்பச்சை உடலின்மேல் வெள்ளி எழுத்துகளிலே மீன் வியாபாரியின் குறியோடு.